டிரைவரைப் படிக்க ஒரு டிரைவர்

எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகத்தைப் படிக்க ஒரு டிரைவர், அதாவது அதை இயக்கும் நிரல், வேண்டும். அந்த டிரைவர் இருப்பதோ அதே எஸ்எஸ்டிக்குள். பரணில் ஏற ஏணி வேண்டும், ஏணியோ பரணில் கிடக்கிறது என்கிற கதைதான். பவர் பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் நம் கணினி இந்தச் சிக்கலைச் சில நொடிகளில் அவிழ்த்துவிடுகிறது.

மதர்போர்டின் சிறு சிப் ஒன்றில் இருக்கும் யுஇஎஃப்ஐ நிரலுக்கு, நாம் இன்னும் பயாஸ் என்றே சொல்கிறோமே அதற்கு, எஸ்எஸ்டியைப் படிக்கத் தெரியும். விண்டோஸின் தொடக்க நிரல் அந்தத் திறமையைக் கடன் வாங்கி, மைய நிரலான கெர்னலையும் தொடக்கத்துக்கு அவசியமான டிரைவர்களையும் ராமுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. அத்தோடு கடன் முடிந்தது. அடுத்த எழுத்தைக் கெர்னல் தன் சொந்த டிரைவரால்தான் படித்தாக வேண்டும். அது பொருந்தாத டிரைவராக இருந்தால், கணம் முன்புவரை படித்துக்கொண்டிருந்த அதே கணினி, டிஸ்க்கையே காணோம் என்று நின்றுவிடும். நீலத் திரையில் 'இனாக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று வருவது இதுதான்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் அசெம்பிள்டு கணினி வைத்திருப்பவருக்கு இந்த வரிசை தெரிந்திருப்பது முக்கியம். டிரைவர் போட்டபின் கணினி எழவில்லையென்றால், சிபியுவை பைக்கில் கட்டி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறக்க வேண்டும். கடையில் "ஃபார்மட் அடிச்சிடலாம்" என்று சொன்னால் பிள்ளைகளின் படங்களும் ப்ராஜெக்ட்டும் சேர்ந்து போகலாம். பெரும்பாலும் அந்த இழப்புக்கு அவசியமே இல்லை.

எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். பயாஸ் திரையே வரவில்லையென்றால் டிரைவர் மேல் பழியில்லை. அது இன்னும் படிக்கப்படவே இல்லை. ராமையும் மின் இணைப்புகளையும் பாருங்கள். சுழலும் வட்டம் வந்தபின் திரை இருண்டால், கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிக்கலாம். நம்லாக் விசையைத் தட்டினால் விளக்கு மாறுகிறதா? மாறினால் கணினி உயிரோடுதான் இருக்கிறது, படம்தான் வரவில்லை.

ஒரு சின்னக் கோப்பு எப்படி முழுக் கணினியையும் சாய்க்கிறது? பிரௌசர் தடுமாறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும், ஏனென்றால் அது அதிகாரம் குறைந்த வெளி வளையத்தில் ஓடுகிறது. டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னலோடு உள்வளையத்தில் ஓடுகின்றன. அங்கே தொடக்கூடாத நினைவக முகவரியை ஒன்று தொட்டால், தரவு கெடுமுன் விண்டோஸ் தானே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. நீலத் திரை நமக்கான காவல் என்பதே என் எண்ணம்.

2024 ஜூலை 19 அன்று உலகமே இதைப் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு இந்திய நேரம் காலை 9.39க்கு ஒரு புதிய கோப்பு வந்தது. 20 மதிப்புகள் மட்டுமே தரப்பட்ட இடத்தில் அது 21ஆவதைக் கேட்க, உள்வளையத்தில் இருந்த டிரைவர் இல்லாததைப் படிக்கப் போனது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து என்ன தெரியுமா? சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை அழிப்பது.

அதே வாசல் நமக்கும் திறந்திருக்கிறது. விண்டோஸ் தொடங்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுநீக்கும் திரை தானே வரும். அதில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட். டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்கச் சாவி கேட்கும். சேஃப் மோடில் விண்டோஸ் தன் அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழும். டிவைஸ் மேனேஜரில் புது டிரைவரை 'ரோல் பேக்' செய்யலாம், அல்லது நீக்கலாம். டிஸ்க்கையே காணோம் என்று நின்றால், பயாஸில் சேமிப்பு முறையை ஆர்எஸ்டியிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்றியிருந்தால் பழையபடி வையுங்கள்.

இதற்கும் மசியவில்லையென்றால் கடைக்குப் போகலாம். புறப்படுமுன் நீலத் திரையின் ஸ்டாப் கோடையும், கோப்புப் பெயர் இருந்தால் அதையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டி, ஃபார்மட்டுக்கு முன் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.