உங்களுக்குத் தெரியுமா? படம் காட்டிய கருவி கடவுச்சொல்லையும் காட்டியது!

பீளமேட்டில் பம்பும் மோட்டாரும் உற்பத்தி செய்கிற சிறு ஸ்தாபனங்கள்கூட இக்காலத்தில் தத்தம் சரக்கின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்திக் காட்டும் இணையதளங்களை வைத்திருக்கின்றன. வேர்ட்பிரஸ் தளங்களில் அவ்வாறு படங்களை நகர்த்துவதற்கென்றே இணைக்கப்படும் ‘பிளக்இன்’ என்னும் உபகருவிகளுள் பிரசித்தி பெற்றதாகிய ‘ஸ்லைடர் ரெவல்யூஷன்’, 2014-இல் பெரியதோர் அபாயத்துக்கு வாயிலாயிற்று என்பது உங்களுக்குத் தெரியுமா?

கேட்ட படத்தின் கோப்பை எடுத்துக் கொடுப்பது அதன் பணி. கேட்கப்படுவது படந்தானா என்று அது பரிசோதிக்கவில்லை. ஆகவே, மேல் அடைவுக்குச் செல்லச் சொல்லும் இரு புள்ளிகளையும் ஒரு சாய்கோட்டையும் முகவரியில் சேர்த்து, தரவுத்தளத்தின் கடவுச்சொல் அடங்கிய ‘டபிள்யூ.பி-கான்ஃபிக்’ கோப்பை ஒருவன் கேட்டபோது, பெட்டிச்சாவியை யார் கேட்டாலும் நீட்டிவிடுகிற அப்பாவிக் கணக்குப்பிள்ளையைப் போல, அதனையும் கொடுத்துவிட்டது. இக்குறையை நிபுணர்கள் ‘லோக்கல் ஃபைல் இன்க்ளூஷன்’ என்பர்.

விசித்திரம் யாதெனில், திருத்திய பதிப்பு அவ்வாண்டு பிப்ரவரியிலேயே, அதிக ஆரவாரமின்றி, வெளிவந்துவிட்டது. ஆயினும் விலைக்கு வாங்கிய அநேக ‘தீம்’களுக்குள் இவ்வுபகருவி முன்னரே பொதிந்திருந்தபடியால், அது தங்கள் தளத்தில் இருப்பதையே அறியாத உரிமையாளர் பலர் புதுப்பிக்காமலே இருந்துவிட்டனர். டிசம்பரில் இக்குறையின் வழியே ‘சோக்சோக்’ என்னும் தாக்குதல் பரவியபோது, 11,000-க்கும் மேற்பட்ட தளங்களைக் கூகுள் தடைப்பட்டியலில் சேர்த்தது.

நம் தேசத்தில் இத்தகைய ஊடுருவல் நேர்ந்தால், அறிந்த 6 மணி நேரத்துக்குள் ‘செர்ட்-இன்’ என்னும் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்கு அறிவிக்கவேண்டுமென்று 2022 ஏப்ரலில் பிறந்த உத்தரவு விதிக்கிறது.