மணத்தோடு அளவையும் வாங்குங்கள்

கடைத்தெருவிலும் கைப்பேசியிலும் இன்று உலகத்து மணங்கள் எல்லாம் கிடைக்கின்றன. ஓமான் நாட்டுக் குந்திரிக்கம், பிரெஞ்சு லாவெண்டர், இத்தாலிய பெர்கமோட், கன்னோஜ் அத்தர், ஆஸ்திரேலிய டீ ட்ரீ எண்ணெய் எனச் சிறு சிறு புட்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. 'பழம்பெரும் மரபு', 'முழுக்க இயற்கை' என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். அந்த மரபினர் அந்தப் பொருளை எப்படி, எங்கே, எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது. மணத்தை வாங்கி அளவை விட்டுவிடுவதால்தான் பலருக்குத் தோல் தடிப்பதும் கறுப்பதும், சில வீடுகளில் குழந்தை ஆபத்தான நிலைக்குப் போவதும் நடக்கின்றன.

மரபுக்குள் இருக்கும் கட்டுப்பாடு

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் அத்தர் வடிக்கும் முறையைப் பாருங்கள். 'தேக்' எனப்படும் செம்புப் பானையில் பூவும் நீரும் இட்டு, வாயை மூடிக் களிமண் பூசி, விறகுத் தீயில் காய்ச்சுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே 'பப்கா' என்ற இன்னொரு செம்புக் கலத்துக்குள் இறங்குகிறது. அந்தக் கலத்தில் முன்பே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். ரோஜாவானாலும் வேறு பூவானாலும் அதன் சாரம் சந்தனத்தில் கலந்துதான் வெளியே வரும். மணம் நீடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. சாரத்தின் வீரியத்தையும் அதுவே தணித்துவிடுகிறது.

ஜப்பானியரின் 'கோதோ' கலையில் அகில் கட்டையை எரிப்பதே இல்லை. சாம்பலுக்குள் கரித்துண்டைப் புதைத்து, அதன்மேல் மெல்லிய காக்காப்பொன் தகடு வைத்து, தகட்டின்மேல் அகில் சிராய் ஒன்றை வைத்துச் சூடேற்றுவார்கள். மணம் எழும், புகை இருக்காது என்றே சொல்லலாம். நாமோ மல்லிகையைக் கூந்தலில் சூடினோம். வெட்டிவேரைப் பானைத் தண்ணீரில் போட்டோம். தட்டியாகக் கட்டி நீர் தெளித்தோம். மல்லிகையின் செறிந்த சாரத்தைத் தனியே எடுத்து நேராகக் கன்னத்தில் தடவியது நம் பாட்டிமார் வழக்கமல்ல. ஒரு நாட்டின் மணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களுடைய பயன்பாட்டு முறையையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்.

புட்டிக்குள் இருப்பது எது?

மல்லிகை நீராவியின் சூட்டைத் தாங்காது. அதனால் மதுரை, சத்தியமங்கலம் பக்கத்துப் பூக்களிலிருந்து ஹெக்சேன் போன்ற கரைப்பான் கொண்டு மெழுகுபோன்ற 'காங்கிரீட்' எடுப்பார்கள். பிறகு அதைச் சாராயத்தில் கரைத்து 'அப்சல்யூட்' என்ற சாரமாக்குவார்கள். ஏறக்குறைய 1,000 கிலோ பூவுக்கு ஒன்றரை கிலோ சாரம் கிடைத்தால் பெரிது. ரோஜாவின் கதை இன்னும் கடினம்: பல்கேரியாவின் கசான்லக் பள்ளத்தாக்கில் ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கும் மேல் இதழ் வேண்டும். ஆகவே நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'சுத்த மல்லிகை எண்ணெய்' சுத்தமாக இருக்க வாய்ப்பே இல்லை.

சந்தனத்திலும் இதே சிக்கல் உண்டு. நம் மலைக்காடுகளின் சந்தனம் சான்டலம் ஆல்பம். மேற்கு ஆஸ்திரேலியாவின் சந்தனம் சான்டலம் ஸ்பிகேட்டம் என்ற வேறு இனம். இரண்டும் கடையில் ஒரே பெயரில்தான் விற்கின்றன. சந்தன எண்ணெய் விலை ஏறிவிட்டதால் இன்று அத்தரிலும் பல வகைகள் திரவ பாரஃபினில் கலந்தே வருகின்றன. தாவரப் பெயர், எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது, எதில் கரைத்தது, எப்போது தயாரானது ஆகிய நான்கும் அட்டையில் இல்லாத புட்டியை வாங்காதீர்கள்.

செயற்கை மணம் என்றதும் நஞ்சு என்று ஒதுக்கவும் வேண்டாம். ஐரோப்பாவில் வாசனைத் தைலங்களுக்குப் பயன்பட்ட ஓக் மரப்பாசி முழுக்க இயற்கைப் பொருள்தான். ஆனால் ஒவ்வாமை ஏற்படுத்தியதால் அதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. உடலுக்குத் தெரிவது மூலக்கூறும் அளவும்தான்.

நம் தோலும் நம் வெயிலும்

மேலைநாட்டுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவது நமக்குச் சரிப்படாமல் போவது இங்கேதான். பெர்கமோட், தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் எலுமிச்சை வகை. 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா என்ற இத்தாலியர் தொடங்கிய நிறுவனத்தின் புகழ்பெற்ற வாசனைநீரில் அதுவும் உண்டு. பழத்தோலைப் பிழிந்து எடுக்கும் பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டன் என்ற பொருள் இருக்கிறது. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் புற ஊதாக் கதிர் பட்ட இடம் வெந்ததுபோல் ஆகி, கழுத்தில் பழுப்புக் கோடுகள் விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய்களுக்கும் இது பொருந்தும். குளிர்நாட்டுக்காரர் மாலையில் பூசிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார். நம் பெண்கள் அதே எண்ணெயைப் பூசிக்கொண்டு காலை பத்து மணி வெயிலில் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். பெர்காப்டன் நீக்கிய வகையாக இருந்தாலொழிய இதைப் பகலில் தோலில் தடவாதீர்கள்.

இன்னொன்று, மாநிற, கறுப்பு நிறத் தோலில் வாசனைப் பொருள் ஒவ்வாமை எப்போதும் சிவப்புத் தடிப்பாக வராது. சாம்பல் கலந்த பழுப்பு நிறம் கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லப் படரும். அரிப்பும் பெரிதாக இருக்காது. 1970களில் ஜப்பானில் பெண்கள் பலருக்கு இப்படி முகம் கறுத்தபோது, அழகுப் பொருள்களில் இருந்த வாசனைச் சேர்மங்களும் நிறமிகளும் காரணம் என்று தோல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அவற்றை நீக்கியபின் அந்தப் பாதிப்பு குறைந்தது. முகம் திட்டுத்திட்டாகக் கறுக்கும்போது 'மங்கு' என்று நினைத்து இன்னொரு வாசனைக் களிம்பை வாங்கித் தடவுவது நிலைமையை மோசமாக்கும். முதலில் எல்லா வாசனைப் பொருள்களையும் நிறுத்துங்கள். தோல் மருத்துவரிடம் 'பேட்ச் டெஸ்ட்' என்ற ஒவ்வாமைச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வாமையைப் பொறுத்தவரை லாவெண்டரும் எலுமிச்சையும் புதிதாக இருக்கும்போது சாதுவானவை. திறந்த புட்டியில் காற்றுப் பட்டுப் பழசாகும்போது அவற்றில் உள்ள லினலூலும் லிமோனீனும் ஒவ்வாமை தரும் பொருள்களாக மாறுகின்றன. நம் ஊர்ச் சூட்டில் சன்னல் ஓரத்தில் வைத்தால் சீக்கிரம் கெடும். அடர்நிறப் புட்டியில், இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்; ஓர் ஆண்டு தாண்டிய லாவெண்டரைத் தோலில் தடவ வேண்டாம்.

உடலில் தடவ, 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ ஆறு சொட்டு வாசனை எண்ணெய் போதும்; ஏறக்குறைய ஒரு சதவீதம். முகத்துக்கு அதிலும் பாதி. இலங்கைக் கருவாப்பட்டை எண்ணெய்க்கும் கிராம்பு எண்ணெய்க்கும் இந்தக் கணக்கு ஆகாது. அவை இன்னும் காட்டமானவை, தோலில் தவிர்ப்பதே மேல். குளிக்கும் நீரில் நேராகச் சொட்டினால் எண்ணெய் கரையாமல் மிதந்து அப்படியே தோலில் ஒட்டும். புதிய கலவையை முழங்கை உள்மடிப்பில் நாளுக்கு இருமுறை, ஒரு வாரம் தடவிப் பார்த்த பிறகே மற்ற இடங்களில் தடவுங்கள்.

மணமும் புகையும்

அகர்பத்தி, குந்திரிக்கம், அரபு நாட்டுப் பகூர், கம்ப்யூட்டர் சாம்பிராணி எதுவானாலும் எரிந்தால் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் வரும். முற்றமும் உயரமான கூரையும் இருந்த வீட்டில் கலைந்துபோன புகை, ஏசி போட்டு மூடிய அடுக்குமாடி அறையில் அப்படியே தங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் புகை வேண்டாம். மின்சார டிஃப்யூசர் போட்டாலும் அரை மணி நேரம் போதும், சன்னல் திறந்திருக்கட்டும்.

குளிப்பாட்டிய கைக்குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதை மட்டும் நான் மரபென்று காப்பாற்ற மாட்டேன். பிஞ்சு மூச்சுக்குழலுக்கு அது வேண்டாத சுமை. தலையைத் துண்டால் துவட்டினாலே போதும்.

மருந்தா, மணமா?

1930களில் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மோரிஸ் கத்தஃபோசே நறுமண எண்ணெய்ச் சிகிச்சைக்கு 'அரோமாதெரபி' என்ற பெயரைப் பரப்பினார். மனப் பதற்றத்துக்கு லாவெண்டர் ஓரளவு உதவுவதாகவும், லேசான முகப்பருவுக்கு டீ ட்ரீ எண்ணெய் பயன்படுவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கு மேல் சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் எல்லாம் தீரும் என்று விற்பவரை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில்

நீலகிரியில் விறகுக்காக 1843 முதல் நட்ட யூகலிப்டஸ், இன்று ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலமாக நம் எல்லார் வீட்டுக்கும் வருகிறது. குழந்தை சில மில்லி விழுங்கினாலே வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். கற்பூரமும் அப்படியே, சளிக்கென்று தேங்காய் எண்ணெயில் சூடம் கரைத்துக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது ஆபத்து. இரண்டு வயதுக்குள் எந்தக் கற்பூரத் தைலமும் கூடாது. வலிப்பு நோய் உள்ள பெரியவர்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

அதே ஊட்டியில் மூட்டுவலிக்கென்று விற்கும் விண்டர்கிரீன் தைலத்தைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதில் 98 சதவீதம் மெத்தில் சாலிசிலேட். ஒரு தேக்கரண்டியில் 7 கிராம் ஆஸ்பிரினுக்கு இணையான வீரியம் இருக்கிறது. இதய நோயாளிகள் தினமும் எடுக்கும் 75 மில்லிகிராம் மாத்திரைகள் ஏறக்குறைய தொண்ணூறுக்குச் சமம் அது. குழந்தையின் உயிரை எடுக்க ஒரு தேக்கரண்டியே போதும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தேய்க்கக் கூடாது.

இந்தப் புட்டிகளைப் பூட்டிய அலமாரியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108ஐ அழையுங்கள். குழந்தையோடு அந்தப் புட்டியையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.