பென் டிரைவில் ஓர் இயங்குதளம்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு, 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதன் பின்வந்த விண்டோஸ் 11-ஐ நிறுவ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டுமென்பது அந்நிறுவனத்தின் விதி. பழுதொன்றுமில்லாத பழைய கணினிகள் பல இவ்விதியால் மூலையில் ஒதுங்கின. அவற்றை மீண்டும் பயன்படுத்த விரும்புவோர்க்கு லினக்ஸ் மின்ட், டெபியன் முதலிய இலவச இயங்குதளங்கள் உள்ளன. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு அமைத்த 'பாஸ்' என்பதும் இவ்வினத்ததே. இவற்றை நிறுவுவதற்கு 8 ஜி.பி. அளவுள்ள ஒரு பென் டிரைவ் பெரும்பாலும் போதும்.

இயங்குதளம் 'ஐ.எஸ்.ஓ.' என்னும் ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. அக்கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்து வைத்தால் ஆயிற்று என்று பலர் எண்ணுகின்றனர். அது, தைத்த அரிசி மூட்டையை அவிழ்க்காமலே உலையில் இடுவது போலாகும். ஏனெனில், மின்சாரம் பாய்ந்த கணத்தில் கணினிக்குக் கோப்பு இன்னதென்று விரித்துப் பார்க்கும் ஆற்றல் மிகக் குறைவு. பயாஸ் முறையில் இயங்கும் பழைய கணினி, தட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். அவற்றின் இறுதியில் 55, ஏஏ என்ற பதினறும எண் குறியைக் கண்டால் அங்குள்ள சிறு நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். யு.இ.எஃப்.ஐ. முறையுள்ள புதிய கணினியோ, ஃபேட் வகைப் பகுதியில் 'இ.எஃப்.ஐ.' என்னும் கோப்புறையைத் தேடும். அந்நிரல் பெரிய நிரலை அழைக்க, அது இயங்குதளத்தை எழுப்பும். தன் காலணி வாரைப் பற்றித் தன்னையே தூக்கிக்கொள்ளுதல் என்னும் ஆங்கில வழக்கிலிருந்தே இதற்கு 'பூட்' என்று பெயர் வந்தது. நம் பூட்டுக்கும் இதற்கும் உறவில்லை. இது திறக்கும் வேலை!

ஆகவே, மூட்டையை அவிழ்த்து உரிய இடத்தில் எழுத ஒரு கருவி வேண்டும். விண்டோஸில் 'ரூஃபஸ்' அதனைச் செய்கிறது. எழுதுமுன், இறக்கிய கோப்பின் எஸ்.எச்.ஏ.-256 எண்ணை வெளியீட்டாளர் தந்துள்ள 64 எழுத்துக்களோடு ஒப்பிடுவது நன்று. ஓரெழுத்து மாறினும் கோப்பு குறைபட்டதென்று கொண்டு மீண்டும் இறக்கவேண்டும்.

எழுதுங்கால் பென் டிரைவில் முன்பிருந்தவை யாவும் அழியும். லினக்ஸிலுள்ள 'டிடி' கட்டளை எந்தத் தட்டைக் காட்டினாலும், 'உறுதிதானா?' என்று ஒரு வார்த்தையும் வினவுவதில்லை. நாம் ஒருமுறை அக்கட்டளையில் ஓரெழுத்தைப் பிழைபட அடித்தோம். பென் டிரைவுக்கு மாறாக, அருகே செருகியிருந்த வெளித்தட்டு எழுதப்பட்டது. மூன்றாண்டுக் குடும்பப் படங்கள் அதிலிருந்தன. வேறு நகல் இல்லை. அன்றுமுதல் பிற தட்டுகளைக் கழற்றிய பின்னரே, பென் டிரைவின் கொள்ளளவைப் பார்த்து அடையாளம் கண்டு எழுதுகிறோம்.

பின்னர்க் கணினியை நிறுத்தி, பென் டிரைவைச் செருகித் தொடங்கும்போதே டெல், லெனோவா கணினிகள் பலவற்றில் எஃப்12 விசையையும், எச்.பி. கணினிகளில் எஃப்9 விசையையும் அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் தோன்றும். 'செக்யூர் பூட்' தடுக்குமாயின் அதனை நிறுத்தலாம். ஆனால் பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினியில், அதன் மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ளாமல் அதில் கைவைத்தல் கூடாது.

லினக்ஸ் மின்ட் பென் டிரைவிலிருந்தே முழுமையாக இயங்கிக் காட்டும். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை செயற்படுகின்றனவா என்று அமைதியாகச் சோதிக்கலாம். 'நிறுவுக' என்று நாம் ஆணையிடும்வரை உள்ளிருக்கும் பழைய இயங்குதளம் அப்படியே இருக்கும். தட்டு முழுவதையும் அழிக்கவா என்று அது கேட்கும் இடத்தில்தான் நிதானம் தேவை. வேண்டிய ஆவணங்களை அதற்கு முன்பே வேறிடத்தில் நகலெடுத்திருக்க வேண்டும்.

வேலை முடிந்தபின் அப்பென் டிரைவை விண்டோஸில் செருகினால் அதன் அளவு சுருங்கியதுபோல் தோன்றக்கூடும். அது பழுதன்று. ரூஃபஸைக் கொண்டே மறுபடியும் வடிவமைத்தால் முழுக் கொள்ளளவும் திரும்பக் கிடைக்கும்.