வெட்டியெடுத்த குடல்வளரிக்கும் ஓர் அறிக்கை உண்டு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் குடல்வளரி வெட்டிக்கொண்டவர் காயம் ஆறியதும் வீடு போய்விடுவார். வெட்டியெடுத்த துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி நுணுக்குக்காட்டியில் பார்த்து அறிக்கை எழுதுவது மருத்துவ வழக்கம். அரிதாகச் சிலருக்கு, அதன் நுனியில் பயறளவு மஞ்சள் கட்டியொன்று இருக்கும். குடல்வளரியில் வரும் கார்சினொயிட் என்னும் இக்கட்டி பெரும்பாலும் இப்படித்தான், யாரும் தேடாமலே அகப்படுகிறது.

1907 இல் இக்கட்டியைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டியவர் மியூனிக் நகர நோயியலாளர் சீக்ஃபிரீட் ஒபெர்ன்டோர்ஃபர். தீங்கற்றது என்றுதான் முதலில் எண்ணினார். பரவவும் கூடும் என்று 1929 இல் அவரே திருத்தினார்.

இக்கட்டி சிறுகுடலில் வளர்ந்தால் கண்டுபிடிப்பது கடினம். கட்டி சுரக்கும் செரோட்டொனின் என்ற இரசாயனத்தைக் கல்லீரல் சிதைத்துவிடுவதால் நெடுநாள் ஒன்றும் தெரியாது. கல்லீரலுக்கே பரவியபின் வயிற்றோட்டம், மூச்சிழுப்பு, முகம் திடீரெனச் சிவந்து சூடேறுதல் எல்லாம் வரும். தொய்வு, குடல் கோளாறு என்று ஆண்டுக்கணக்கில் மருந்தெடுப்போர் உண்டு. நம்முடைய கருந்தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு பரவுவதை நோயாளிதான் வாய்திறந்து சொல்லவேண்டும்.

சந்தேகம் வந்தால் 24 மணிநேரச் சிறுநீரைச் சேர்த்து, செரோட்டொனின் சிதைந்து உண்டாகும் 5-எச்.ஐ.ஏ.ஏ. என்ற பொருளை அளப்பார்கள். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதற் சிறுநீர்வரை ஒரு தடவையும் தவறாமல் சேர்க்கவேண்டும். அதற்கு முன்னரே இரண்டு மூன்று நாள் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய் கூடாது; இவை அளவைப் பொய்யாக உயர்த்தும். வாழையும் கத்தரியும் வளவிலேயே காய்க்கும் வன்னியில் இதை அழுத்திச் சொல்லித்தான் ஆகவேண்டும். இக்கட்டியை அறியக் குருதியில் பார்க்கும் குரோமோகிரானின் ஏ அளவையும் ஒமிப்ரசோல் குளிசை கூட்டிவிடும். எடுக்கும் மருந்துகளையெல்லாம் வைத்தியரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம்.

கட்டி எங்கே என்று சி.ரி. ஸ்கான் காட்டும். காலியம்-68 சேர்த்த மருந்தை ஊசியேற்றிச் செய்யும் பெட் ஸ்கான் இன்னும் நுட்பமானது. அம்மருந்து கட்டியின் கலங்களில் போய் ஒட்டிக்கொள்வதால் சிறு பரவலும் துலங்கும். ஆனாலும் கடைசித் தீர்ப்பு பயொப்சியினுடையதே. அதில் கலங்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 எண் 3 வீதத்துக்குக் கீழ் என்றால் கட்டி மெதுவாக வளர்வது. 20 வீதத்தைத் தாண்டினால் வேகமானது.

மேற்சிகிச்சைக்குத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ, தொலைவிலுள்ள மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ போக நேரலாம். குடல்வளரிக் கட்டி 1 சென்ரிமீற்றருக்குள் இருந்தாலோ, செய்த சத்திரசிகிச்சையே பொதுவாகப் போதும். இதையெல்லாம் அறிய அந்த அறிக்கை கையில் இருக்கவேண்டும். குடல்வளரி வெட்டியவர்கள் கிளினிக்குக்குத் திரும்பிப் போய் அதைக் கேட்டு வாங்குங்கள்.