பூண்டுலோயாவிலிருந்து கீரிமலைக்கு: கல்லுக் கரையும் காணிக் கதையும்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் மலையகத் தோட்டங்களிலிருந்து வான் பிடித்து வடக்கே போகும் குடும்பங்கள் உண்டு. பூண்டுலோயாவிலிருந்து புறப்படுவோர் கண்டிக்கு வந்து ஏ-9 வீதியில் ஏறலாம். தலவாக்கலையில் புகையிரதம் ஏறி, பொல்கஹவெலையில் வடக்குப் பாதைக்கு மாறலாம். போரால் அறுந்த அந்தப் பாதை 2015 ஜனவரியில்தான் மீண்டும் காங்கேசன்துறையைத் தொட்டது.

வழியில் கிளிநொச்சியில் இறங்கி உறவினரைப் பார்ப்பவர்களும் உண்டு. 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு ஓடி, வன்னியில் குடியேறியவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

கடல் என்றால் மணல் என்று நினைத்து வரும் பிள்ளைகளுக்குக் கீரிமலை வியப்பாக இருக்கும். இங்கே அலை கல்லில் மோதுகிறது. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. நம் ஊர் ஓயாக்கள் கண்ணெதிரே ஓடுகின்றன; இங்கோ மழைநீர் கல்வெடிப்புகளில் இறங்கி, நிலத்துக்கு அடியில் ஓடிக் கடலோரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. கீரிமலைக் கேணி அப்படி வந்த நீர்தான். சுவருக்கு அப்பால் உப்புக்கடல். ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்ய மக்கள் கூடும் இடமும் இதுவே.

இதே கல்லை வெட்டித்தான் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை இயங்கியது. 1990இல் போர் மூண்டபோது அதுவும் நின்றது. வலிகாமம் வடக்கு மக்களும் வெளியேறினார்கள். ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயமாயின. மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளுக்குப் பின், 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் எல்லாக் காணிகளும் உரியவர்களின் கைக்கு வந்து சேரவில்லை. அந்தக் கரையிலேயே இராணுவம் நடத்தும் விடுமுறை விடுதியும் இருக்கிறது.

ஆகவே தங்குமிடம் பார்க்கும்போது வாடகையோடு இன்னொன்றையும் விசாரியுங்கள்: இது யாருடைய காணி? ஊரவரின் வீடுகளிலும் சிறு விடுதிகளிலும் தங்கினால் உங்கள் பணம் திரும்பி வந்து குடியேறியவர்களிடம் சேரும்.

மார்கழியை ஒட்டிய மாதங்களில் வாடைக்காற்றால் கடல் கொந்தளிக்கும். கல் கூர்மையானது, பாசி வழுக்கும். பிள்ளைகளைக் கேணியில் குளிக்க விடுங்கள், கடலில் இறக்காதீர்கள்.

தலைமுறைகளாக உழைத்தும் லயன் அறைக்கு உறுதி கிடைக்காதவர்கள் நாம். உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்பவர்கள் அவர்கள். கீரிமலையில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இரு பக்கமும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.