புள்ளிச் சோடிகளிலிருந்து நேரியல் சமன்பாட்டுத் தொகுதி

கணிதத்தில், ஒரு தளத்திலுள்ள வெவ்வேறான இரு புள்ளிகள் வழியாக ஒரேயொரு நேர்கோடுதான் செல்லும். அக்கோட்டின் சமன்பாட்டைக் காண, அவ்விரு புள்ளிகளையும் கொண்டு ஒரு நேரியல் சமன்பாட்டுத் தொகுதி அமைக்கப்படுகிறது. இக்கட்டுரையில் கிடை ஆயத்தொலைவு க எனவும், செங்குத்து ஆயத்தொலைவு ச எனவும், சாய்வு ம எனவும், ச-அச்சின் வெட்டுத்துண்டு வ எனவும் குறிக்கப்படுகின்றன. கோட்டின் சமன்பாடு:

ச = ம × க + வ

தொகுதி அமைத்தல்

வழக்கமாக இச்சமன்பாட்டில் க, ச ஆகியவை மாறிகள். ம, வ ஆகியவை மாறிலிகள். இங்கு நிலை தலைகீழாகிறது. க, ச ஆகியவற்றின் மதிப்புகளைப் புள்ளிகளே தந்துவிடுகின்றன. காண வேண்டியவை ம, வ ஆகும். மாணவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே. தெரியாதவை இரண்டு என்பதால் சமன்பாடுகளும் இரண்டு தேவை. ஒவ்வொரு புள்ளியும் ஒன்றைத் தருகிறது.

எடுத்துக்காட்டாக, இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் நீரின் உறைநிலை 0 பாகை செல்சியஸ், அதாவது 32 பாகை பாரன்ஹீட்; கொதிநிலை 100 பாகை செல்சியஸ், அதாவது 212 பாகை பாரன்ஹீட். செல்சியஸ் அளவை க எனவும் பாரன்ஹீட் அளவை ச எனவும் கொண்டால் (0, 32), (100, 212) என இரு புள்ளிகள் கிடைக்கும்.

32 = ம × 0 + வ
212 = ம × 100 + வ

முதற் சமன்பாட்டிலிருந்து வ = 32. இதை இரண்டாவதில் இட, ம = 180/100 = 9/5. எனவே ச = (9/5) × க + 32.

இரு சோடிகள்

இரண்டு சோடிப் புள்ளிகள் தரப்பட்டால் இரு கோடுகள் கிடைக்கும். அவற்றின் சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கும்போது க, ச மீண்டும் தெரியாதவை ஆகின்றன. (0, 0), (1, 1) வழியாகச் செல்லும் கோடு ச = க. இதனை மேற்கண்ட கோட்டுடன் சேர்த்துத் தீர்த்தால் க = ச = −40. அதாவது, −40 பாகையில் இரு வெப்பமானிகளும் ஒரே எண்ணைக் காட்டும். கெல்வின் அளவுக்கு இவ்வாறு நிகழாது. ச = க + 273.15 என்னும் கோடு ச = க என்பதற்கு இணையானது; எனவே தீர்வு இல்லை.

செங்குத்துக் கோடு

(3, 1), (3, 5) ஆகிய புள்ளிகளுக்குத் தொகுதி அமைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 4 = 0 என்னும் முரண்பாடு வரும். கோடு இல்லை என்பது இதன் பொருளன்று; க = 3 என்ற கோடு இருக்கிறது. சாய்வு வடிவம்தான் அதற்குப் பொருந்தவில்லை. கணினி நிரல்களில் வகுத்தல் இல்லாத பின்வரும் வடிவம் பாதுகாப்பானது:

(ச₂ − ச₁) × (க − க₁) = (க₂ − க₁) × (ச − ச₁)

புள்ளிகளின் இடைவெளி

புள்ளிகள் அளவீட்டிலிருந்து பெறப்பட்டவையாயின், அவை தொலைவில் இருத்தல் நல்லது. மேலுள்ள எடுத்துக்காட்டில் 212 என்பதை 213 எனத் தவறாகக் குறித்தாலும் சாய்வு 1.8 இலிருந்து 1.81 ஆகவே மாறும். (20, 68), (21, 69.8) என்னும் நெருங்கிய புள்ளிகளை எடுத்து, 69.8 ஐ அதே ஒரு பாகைப் பிழையுடன் 70.8 எனக் குறித்தால் சாய்வு 2.8 ஆகிவிடும்.