கப்பல் மூழ்கிவிட்டது, பெட்டி இருக்கிறது

பிரிட்டனில் குடியேறிய கரீபிய மூத்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. அவர்கள் விட்டுச்சென்ற காகிதங்களும் ஞாபகங்களும் பிள்ளைகளின் குடியிருப்பு உரிமைக்கே அத்தாட்சியாகிவிட்டன.

லண்டனின் பிரிக்ஸ்டனிலோ பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த்திலோ ஜமைக்காவைச் சேர்ந்த ஒரு முதியவர் இறந்துவிட்டால், பழைய முறைப்படி அந்த வீட்டின் கதவு ஒன்பது இரவுகளுக்குச் சாத்தப்படுவதில்லை. யாரும் அழைப்புக்காகக் காத்திருப்பதில்லை. வருகிறவர் கையில் பொரித்த மீன், ரொட்டி, அல்லது ஒரு புட்டி வெள்ளை ரம் இருக்கும். கூடத்தில் தேவாலயப் பாடல்கள். இன்னொரு மூலையில் டாமினோ காய்களை மேஜையில் ஓங்கி அறையும் சத்தம். இடையிடையே இறந்தவரைப் பற்றிய கதைகள். அவற்றில் பாதிக்கு மேல் சிரிப்பை வரவழைப்பவை.

ஒன்பதாம் இரவுதான் முக்கியம். இறந்தவருக்குப் பிடித்த பண்டங்களை ஒரு தனி மேஜையில் பரப்பி வைக்கிறார்கள். நள்ளிரவு வரை அதில் யாரும் கை வைக்கக்கூடாது. அவர் படுத்திருந்த அறையில் கட்டிலையும் சாமான்களையும் இடம் மாற்றிப் போடும் வழக்கமும் உண்டு. திரும்பி வரும் ஆவி, இது தன் அறையல்ல என்று எண்ணிப் போய்விடும் என்பது நம்பிக்கை. படையலும் கருமாதியும் பழகிய தமிழருக்கு இதில் அந்நியமாக ஒன்றும் தோன்றாது.

இடுகாட்டிலும் ஒரு வழக்கம். குழியை மூடும் வேலையைக் கூலியாட்களிடம் விட்டுவிட்டு இவர்கள் காரில் ஏறிவிடுவதில்லை. உறவுக்காரர்கள் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு மண்வெட்டியைக் கைமாற்றி மாற்றித் தாங்களே குழியை மூடுகிறார்கள். மண் மேடு எழும்பும் வரை பெண்கள் பாடிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தச் சடங்கை வெள்ளையர் பிரிட்டன் வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. 2018-ல் நடாஷா கார்டன் எழுதிய 'நைன் நைட்' நாடகம் தேசிய நாடக அரங்கில் மேடையேறி, அங்கிருந்து லண்டனின் வெஸ்ட் எண்ட் அரங்குக்கும் போனது. கறுப்பினப் பிரிட்டிஷ் பெண் ஒருவர் எழுதிய நாடகம் அங்கே இடம்பெற்றது அதுவே முதல் முறை. அந்த ஆண்டிலேயேதான் நாடகத்துக்கு வெளியே வேறொரு விவகாரமும் வெடித்தது. அதைப் புரிந்துகொள்ள எழுபது ஆண்டுகள் பின்னே போகவேண்டும்.

மூன்று பசுக்களின் விலை

1948 ஜூன் 22. லண்டனுக்குக் கிழக்கே டில்பரி துறைமுகத்தில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலிலிருந்து பயணிகள் இறங்கினார்கள். மொத்தம் ஆயிரத்துக்குச் சற்றுக் கூடுதல். அவர்களில் 802 பேர் கடைசியாக வசித்த இடம் என்று கரீபியப் பகுதியைக் குறிப்பிட்டிருந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். பலர் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியவர்கள். அதே ஆண்டில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டப்படி, குடியேற்ற நாடுகளில் பிறந்த அவர்களும் பிரிட்டிஷ் குடிமக்களே. சொந்த நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வருவதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள்.

கப்பலின் கீழ்த்தளக் கட்டணம் சுமார் 28 பவுண்டு. சாம் கிங் என்ற ஜமைக்கா இளைஞருக்காக அவர் குடும்பம் மூன்று பசுக்களை விற்றுப் பணம் கட்டியது. தங்க இடமில்லாதவர்களுக்கு கிளாப்பம் சவுத்தில் பூமிக்கடியில் இருந்த போர்க்காலப் பதுங்கிடம் திறந்துவிடப்பட்டது. அதற்கு அருகிலிருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில். பிரிக்ஸ்டன் கரீபியர்களின் ஊராக மாறியது இப்படித்தான்.

அவர்களுக்குப் பின்னாலும் கப்பல்கள் வந்தன. 1956 முதல் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் பார்படாஸுக்கே போய் ஆள் எடுத்தது. 1948 ஜூலையில் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவை மருத்துவமனைகளுக்குத் தீவுகளிலிருந்து செவிலியர் வந்தார்கள். ஐந்தாண்டுகள் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்புவதே பலரின் திட்டம். பெட்டி கட்டிலுக்கடியிலோ அலமாரியின் மேலோ தயாராக இருந்தது. ஐந்து பத்தாயிற்று, பத்து ஐம்பதாயிற்று.

நிறத்தைப் பார்த்து வீடு இல்லை என்றார்கள். வங்கிகள் கடன் தர மறுத்தன. கைகொடுத்தது 'பார்ட்னர்'. நம்ம ஊர்ச் சீட்டுதான். வாரம் இவ்வளவு என்று ஆளாளுக்குப் போடுவார்கள், முறை வந்தவருக்கு மொத்தத் தொகையும் போகும். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் ஏதும் கிடையாது. வசூலிப்பவர், பெரும்பாலும் சர்ச்சிலோ தெருவிலோ நம்பிக்கை பெற்ற ஒரு பெண்மணி. லண்டனில் பல கரீபியக் குடும்பங்களின் முதல் வீட்டுக்கு முன்பணம் இப்படிச் சேர்ந்ததுதான்.

வாங்கிய வீட்டில் முன்னறை கோயில் மாதிரி. கஞ்சி போட்டு விறைப்பாக்கிய குரோஷா விரிப்புகள், கண்ணாடி அலமாரி, ரேடியோகிராம், சுவரில் இயேசுவின் கடைசி இரவு உணவுப் படம். ஞாயிற்றுக்கிழமையும் விருந்தாளியும் வந்தால் தவிர, குழந்தைகளுக்கு அங்கே அனுமதியில்லை. லண்டனின் 'இல்ல அருங்காட்சியக'த்தில் இன்று அப்படியொரு முன்னறை அப்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. அம்மா திட்டுவாள் என்ற பயமில்லாமல் பேரப்பிள்ளைகள் எட்டிப் பார்க்கலாம்.

அரசு தொலைத்த காகிதம்

1971 குடியேற்றச் சட்டம், 1973 ஜனவரி 1-க்கு முன்பே குடியேறியிருந்த காமன்வெல்த் மக்களுக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமையை உறுதிசெய்தது. ஆனால் அதற்கு அத்தாட்சியாக ஒரு துண்டுக் காகிதம்கூடத் தரவில்லை. தேவை என்றும் யாரும் நினைக்கவில்லை.

2012 முதல் நிலைமை மாறியது. சட்டவிரோதமாகக் குடியேறியவர்களுக்கு வாழ்க்கையைக் கடினமாக்குவது என்று உள்துறை முடிவெடுத்தது. வேலை தருபவர், வீடு வாடகைக்கு விடுபவர், வங்கி, மருத்துவமனை எல்லாரும் ஆவணம் கேட்கத் தொடங்கினார்கள். அறுபதுகளில் குழந்தையாக வந்து, பள்ளியில் படித்து, நாற்பதாண்டு வரி கட்டியவர்கள் ஒரே நாளில் சட்டவிரோதிகள் ஆனார்கள். இங்கே வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அத்தாட்சி கொண்டுவரச் சொன்னது உள்துறை.

இதில் பெரிய வேடிக்கை, அந்த அத்தாட்சியில் ஒரு பகுதி உள்துறையிடமே இருந்ததுதான். ஐம்பது, அறுபதுகளில் வந்து இறங்கியவர்களின் பதிவு அட்டைகள் குராய்டனில் ஓர் அலுவலகத்தின் அடித்தளத்தில் கிடந்தன. 2010-ல் அவை அழிக்கப்பட்டன. கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கப்பல் பயணிகள் பட்டியல் 1960 வரைக்கும்தான் உண்டு. அதற்குப் பின் வந்த குழந்தைகள் பலர் பெற்றோரின் பாஸ்போர்ட்டில் வந்தவர்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டில் பிள்ளையின் பெயர் எழுதியிருக்கும். அம்மா இறந்து, வீட்டைக் காலி செய்யும்போது அந்தப் பழைய பெட்டி குப்பைக்குப் போயிருந்தால், பிள்ளையின் அத்தாட்சியும் அதோடு போயிற்று.

1968-ல் ஜமைக்காவிலிருந்து சிறுமியாக வந்தவர் பாலெட் வில்சன். ஒரு காலத்தில் பாராளுமன்றச் சிற்றுண்டிச் சாலையில் எம்.பி.க்களுக்குச் சமைத்தவர். 2017-ல் அவரைக் காவல் மையத்தில் ஒரு வாரம் அடைத்து, விமானம் ஏற்ற ஹீத்ரோ வரை கொண்டுபோனார்கள். அவர் தொகுதி எம்.பி.யும் ஒரு தொண்டு நிறுவனமும் தலையிட்டதால் தப்பினார். விவகாரம் 2018-ல் வெடித்து, உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். உரிமை இருந்தும் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டவர்கள் என்று 83 பேரை அரசின் ஆய்வே அடையாளம் கண்டது. அவர்களில் 11 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். நீதி கேட்டுப் பிரதமர் இல்லத்துக்கு மனு எடுத்துச் சென்றவர்களில் பாலெட்டும் ஒருவர். அடுத்த மாதம், 2020 ஜூலையில், 64 வயதில் காலமானார்.

ஞாபகத்தைக் காத்தவர்கள்

சாம் கிங் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தபால் துறையில் வேலை பார்த்தார். 1983-ல் சதக் நகர மேயரானார். அந்தப் பகுதிக்கு முதல் கறுப்பின மேயர். ஆனால் 'மிஸ்டர் விண்ட்ரஷ்' என்ற பட்டப்பெயர் வேறொரு வேலைக்காகக் கிடைத்தது. தன்னோடு பயணம் செய்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து ஒன்றுசேர்ப்பதை அவர் கடமையாக எடுத்துக்கொண்டார். தொண்ணூறுகளின் மத்தியில் ஆர்தர் டோரிங்டனுடன் சேர்ந்து விண்ட்ரஷ் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1948-ல் வந்திறங்கியதை ஒரு தேசிய நினைவுநாளாக அரசு 2018-ல் அறிவித்தது. 2016-ல் இறந்துவிட்ட கிங் அதைப் பார்க்கவில்லை.

இந்தத் தலைமுறையின் வரலாற்றில் ஒரு சென்னைக் கிளையும் உண்டு. 1950-ல் லண்டன் வந்த எழுத்தாளர் சாமுவேல் செல்வன், டிரினிடாடில் 1923-ல் பிறந்தவர். தந்தை சென்னையிலிருந்து போன கிறிஸ்தவர். தாய் வழியில் ஸ்காட்லாந்து ரத்தமும் உண்டு. பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது சற்றுத் திரிந்திருந்தாலும், தமிழ்க் காதுக்கு அது தப்பாது. குளிரிலும் வாடகை அறைகளிலும் அல்லாடிய தீவுக்காரர்களைப் பற்றி 1956-ல் 'தி லோன்லி லண்டனர்ஸ்' நாவலை எழுதினார். பாத்திரங்களின் பேச்சை மட்டுமல்லாமல் கதை சொல்லும் குரலையும் தீவுகளின் பேச்சு மொழியிலேயே அமைத்தார். 1994-ல் அவர் இறந்தபோது, அப்படிப் பேசியவர்களில் பலரும் போய்விட்டிருந்தார்கள். பேச்சு மட்டும் புத்தகத்தில் தங்கிவிட்டது.

கல்லிலும் உலோகத்திலும் நினைவு வைக்க அரசு தாமதமாகத்தான் முன்வந்தது. 2022-ல் வாட்டர்லூ ரயில் நிலையத்தில், பெட்டிகளின் மேல் ஏறி நிற்கும் ஓர் ஆண், பெண், குழந்தை சிலைகளைத் திறந்துவைத்தார்கள். ஜமைக்கா சிற்பி பேசில் வாட்சன் செய்தது. மக்கள் வாழ்ந்த பிரிக்ஸ்டன் இருக்க, ரயில் நிலையத்தில் எதற்கு என்று விண்ட்ரஷ் அறக்கட்டளையே ஆட்சேபித்தது. பிரிக்ஸ்டனின் விண்ட்ரஷ் சதுக்கத்தில் 'கறுப்பினப் பண்பாட்டுக் காப்பகம்' 2014 முதல் இயங்குகிறது. விவகாரம் வெடித்த 2018-ல், பாதிக்கப்பட்டவர்களுக்காக அங்கே இலவச சட்ட ஆலோசனை முகாம்கள் நடந்தன. பழங்காகிதம் சேர்க்கும் இடத்துக்கு வழக்கறிஞர்கள் வந்து உட்கார வேண்டியிருந்தது.

விண்ட்ரஷ் கப்பல் 1954-லேயே தீப்பிடித்து மத்தியதரைக் கடலில் மூழ்கிவிட்டது. அதில் வந்தவர்களில் கடைசியாக எஞ்சியிருந்தவர்களுள் ஒருவரான ஆல்ஃபோர்ட் கார்டனர் 2024 அக்டோபரில், 98 வயதில் காலமானார். போரின்போது விமானப்படையில் இருந்தவர். வந்த ஆண்டிலேயே லீட்ஸ் நகரில் கரீபியர்களுக்கென்று கிரிக்கெட் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். மன்னர் சார்லஸ் 2023-ல் உருவப்படம் வரையச் செய்த பத்து மூத்தவர்களில் அவரும் உண்டு.

படம் வரையப்படாத ஆயிரக்கணக்கானவர்களின் கணக்கு இன்னும் தீரவில்லை. 2019-ல் தொடங்கிய இழப்பீட்டுத் திட்டத்தில் பணம் கைக்கு வரும் முன்பே பலர் இறந்துபோனார்கள். இறந்தவர் சார்பில் வாரிசுகளும் விண்ணப்பிக்கலாம். அதற்கு இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் சட்ட உரிமை தங்களுக்கு உண்டென்று அவர்கள் காட்ட வேண்டும். மறுபடியும் காகிதம்தான்.

கரீபியர் இறுதிச் சடங்குகளில் வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் தருவார்கள். பாடல்களுக்கு நடுவே இறந்தவரின் படங்களும் வாழ்க்கைக் குறிப்பும் இருக்கும். எந்த ஊரில் பிறந்தார், எந்த ஆண்டு வந்தார், எங்கே வேலை பார்த்தார், எத்தனை பேரப்பிள்ளைகள். சம்பிரதாயமாக அச்சடிக்கும் அந்தப் புத்தகத்தை இப்போது பத்திரப்படுத்தி வைக்கிற குடும்பங்களுக்கு, யாரும் காரணம் சொல்லித்தர வேண்டியதில்லை.